பஸ் நிற்காத ஓடைக்கல்பட்டி

மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகிற பஸ், ஊர்ச்சனங்கள் வாயில் 'கார்', அந்தக் காலத்தில் ஊர் ஊராக நின்று, கோழிக்கூடு முதல் கல்யாணக் கோஷ்டி வரை ஏற்றிக்கொண்டு, ஆடி அசைந்துதான் போகும். வழியில் யாராவது துண்டை ஆட்டினால் போதும், நின்றுவிடும். ஓடைக்கல்பட்டி எல்லை வந்தால் மட்டும் அதற்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வருமோ! டிரைவர் குனிந்துகொள்வார். கண்டக்டர் பின்னால் திரும்பி, "பையை மடியில வச்சுக்கங்க. கழுத்துல கிடக்கிறதை முந்தானையால மூடிக்கங்க. சன்னலுக்கு வெளிய கை நீட்டாதீங்க" என்று கோயில் பூசாரி மந்திரம் சொல்கிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ஊர் தாண்டியதும் எல்லாரும் மூச்சு விடுவார்கள்.

சீனியம்மாளும் அந்த பஸ்ஸில் பலதடவை உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஓடைக்கல்பட்டிதான் சொந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், எல்லாம். ஆனால் சொந்த ஊரில் இறங்க முடியாது. முன்னாடியே செக்கானூரணியில் இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் உசிலம்பட்டி வரை போய்த் திரும்பி நடக்க வேண்டும். ஒருநாள் கால் வலி தாங்காமல் உட்கார்ந்தே இருந்துவிட்டாள். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிலை வியாபாரி அவளிடமே சொன்னார்:

"இந்த ஊர்க்காரனுங்க ஓடுற கார்லயே டயரைக் கழட்டிருவாய்ங்களாம். உசிலம்பட்டி போயி இறங்குனப்பறந்தான் டிரைவருக்கே தெரியுமாம்."

"டயரைக் கழட்டி என்னய்யா செய்வாக? எருமைக்கு மாட்டிவிடவா?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"நீ எந்த ஊரும்மா?"

"கழட்டுற ஊருதான்."

அந்த மனுஷர் உசிலம்பட்டி வரைக்கும் வெற்றிலைக் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனார். பாவம், வெற்றிலை கசங்கியதுதான் மிச்சம்.

இதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வது? எந்த ஊரில்தான் நாலு கெட்ட பயல் இல்லை? ஓடைக்கல்பட்டியிலும் ஒரு காலத்தில் இருந்தான்கள். அதற்காக சர்க்கார் சட்டம் போட்டு, பிறந்து மீசை முளைத்த ஆம்பிளை அத்தனை பேர் கைரேகையையும் ஸ்டேஷனில் வாங்கி வைத்திருந்தது. சீனியம்மாளின் புருஷன் பேயாண்டி அடுத்தவன் வேலியில் ஒரு அவரைக்காய் பறித்தவனில்லை. அவனும் ரேகை கொடுத்தவன்தான். அந்தப் பேச்சு வந்தால் அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவான். மாடு அப்போதுதான் குடித்திருக்கும். அவள் தம்பி காளையோ கையை மடக்கிக்கொண்டு சண்டைக்குப் போவான். சீனியம்மாளுக்கு இந்த இரண்டும் ஒத்துவராது. அவளுக்கு வாய்தான் கம்பு.

ஆனால் அந்த வருஷம் மாசி மாதம் வாயும் பத்தாமல் போனது.

அவளுடைய ஒரே மகள் ஜெயக்கொடியை வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் மருது என்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். சீனியம்மாள் புளிச்சோறு, எள்ளுச்சோறு என்று ஏழு வகைக் கட்டுச்சோறு கட்டி, கூடையில் தூக்கிக்கொண்டு மகளைக் கூட்டிவர வண்டியூர் போனாள்.

சம்பந்தி சுந்தரம்மாள் சோற்றையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெற்றிலையை மடித்தபடி நிதானமாகச் சொன்னாள்:

"மதினி, தப்பா நெனைக்காதீக. புள்ளைய அங்கிட்டு அனுப்ப எனக்கு மனசு ஒப்பலை."

"ஏன் மதினி? எங்க ஊர்லயும் பொம்பளைக பெத்துக்கிட்டுத்தானே இருக்காக?"

"கார்கூட நிக்காத ஊரு. காரணமில்லாமலா அவன் நிக்காமப் போறான்? வயித்தும் புள்ளையுமா அவ நாலு மைல் நடப்பாளா? மாட்டு வண்டியில குலுங்குவாளா? வழியில எவனாவது கழுத்துல கைய வச்சா என்னத்தச் செய்யிறது?"

"உங்க தாத்தா எந்த ஊரு மதினி?"

சுந்தரம்மாளின் கை வெற்றிலையில் நின்றது. அவள் தாத்தா ஓடைக்கல்பட்டிக்கு அடுத்த ஊர். பஞ்சத்தில் மதுரைக்கு நடந்து வந்தவர். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அது அந்தக் காலம்" என்றாள் சுந்தரம்மாள். பிறகு, நடக்கவே நடக்காது என்கிற தைரியத்தில், "சரி, ஒண்ணு செய்யிங்க. உங்க ஊர்ல கார் நிக்கட்டும். நானே கூட்டியாந்து உங்க கையில விட்டுட்டுப் போறேன். ஒம்பதாம் மாசம் பொறந்துட்டா அப்பறம் அனுப்ப மாட்டேன். இது என் வாக்கு" என்றாள்.

கதவுக்குப் பின்னால் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். கிளம்பும்போது தாயின் முந்தானையைப் பிடித்து, "ஆத்தா, எனக்குப் பயமா இருக்கு. ஓங்கிட்டதான் பெத்துக்கணும்" என்று மட்டும் சொன்னாள். சீனியம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, வீட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் அழுதாள். அழுது, மூக்கைச் சிந்தி, வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் கம்பெனி ஷெட்டுக்குப் போனாள்.

அங்கே சொக்கையா என்று ஒரு ஏஜெண்ட் இருந்தார். முதலாளிக்கு அடுத்தபடி அவர்தான். எந்த ஊரில் பஸ் நிற்கும், நிற்காது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. அந்த வாயில் எப்போதும் புகையிலை இருந்ததால் ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்பது சட்டென்று விளங்காது.

சீனியம்மாள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"நிறுத்தலாம்மா. நிறுத்துறது பெரிசில்லை. நிறுத்தின பஸ் திரும்பக் கிளம்பணுமே?"

"கெளம்பலைன்னா தள்ளிவிட எங்க ஊர்ல ஆள் இருக்கு சாமி."

சொக்கையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆறு வருஷமாக எல்லாரும் சொன்னதைக் கேட்டு நம்பியவர், அவ்வளவுதான். "வர்ற வியாழக்கிழமை நானே ஓடைக்கல்பட்டியில இறங்குறேன். ஊரைச் சுத்திப் பாக்குறேன். கொண்டுபோன சாமானோட முழுசாத் திரும்பி வந்தா முதலாளிகிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்றேன். ஒரு துரும்பு குறைஞ்சாலும் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

"துரும்பு குறையாது சாமி. வேணும்னா ரெண்டு துரும்பு சேத்துத் தாரோம்."

வியாழக்கிழமைக்குள் சீனியம்மாள் ஊரைப் படுத்தியபாடு கொஞ்சமில்லை. வீடு வீடாகப் போனாள். ஏஜெண்ட் பக்கம் யாரும் போகக் கூடாது. அவர் பையைத் தொடக் கூடாது, பார்க்கவே கூடாது. குடையை வாங்கக் கூடாது. பிள்ளைகள் வீட்டை விட்டு வரக் கூடாது. கோழியைக்கூடப் பஞ்சாரக் கூடையில் போட்டுக் கவிழ்க்க வேண்டும்.

"வெயில்ல வர்ற மனுசன் கொடையப் புடிக்கக்கூடவா கூடாது?" என்று காளை கேட்டான்.

"கூடாது. ஒன் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்க. கைதான் நம்ம ஊருக்குச் சத்துரு."

சொன்னபடி சொக்கையா வந்தார். பஸ் அவரை மட்டும் உதறிவிட்டு, நிற்காத குறையாக ஓடியே போனது. குடை, தோல்பை, வேட்டி மடிப்பில் கடிகாரச் சங்கிலி, காலில் நடக்கும்போதெல்லாம் கிரீச்சென்று கத்துகிற புதுச் செருப்பு. சட்டைப் பையில் ஒரு சீட்டு. அதில் கொண்டுவந்த சாமானையெல்லாம் எழுதி வைத்திருந்தார்.

ஊரைப் பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார். தெருவின் இரண்டு பக்கமும் ஆம்பிளைகள் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள். அவர் ஒரு அடி வைத்தால் அவர்கள் ஒரு அடி பின்னால் போகிறார்கள். ஒரு பிள்ளை சத்தம் இல்லை. நாயையெல்லாம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

நடுத்தெருவில் அவர் தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. ஊர் மொத்தமும் அந்தத் துண்டையே பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் காளை பத்து கஜத்துக்கு அப்பாலிருந்து கத்தினான்:

"அய்யா! துண்டு விழுந்துருச்சு! நீங்களே எடுத்துக்கங்க! நாங்க தொடலை!"

சொக்கையா துண்டை எடுத்து உதறாமலே தோளில் போட்டுக்கொண்டு எட்டி நடந்தார்.

ஒருவழியாக சீனியம்மாள் வீட்டு வேப்பமர நிழலுக்கு வந்து சேர்ந்தார். பேயாண்டி வாங்க என்று சொல்லிவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். மோர் நன்றாக இருந்தது. இரண்டாவது செம்பும் குடித்தார். பிறகு சீட்டை எடுத்துப் பார்த்தார். குடை இருந்தது. தோல்பை இருந்தது. சங்கிலி, துண்டு, பொடிமட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாமே இருந்தன.

"ஆச்சரியந்தான்மா" என்றார் மனசார. "நான் என்னமோன்னு நெனைச்சேன். சாப்பாடெல்லாம் வேணாம், நேரமாச்சு. முதலாளிகிட்டச் சொல்லிடுறேன், நாளைக்கு வெள்ளிக்கிழமையிலேருந்தே நிறுத்திருவோம்."

சீனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் வந்து இறங்குவதை அப்போதே பார்த்துவிட்டாள். பேயாண்டி முதல்தடவையாக வாயைத் திறந்து சிரித்தான். சொக்கையா குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

செருப்பைக் காணோம்.

"இங்கனதானே விட்டேன்?" என்றார்.

பேயாண்டியின் முகம் சுண்டிவிட்டது. காளை கட்டியிருந்த கையை அவிழ்த்து ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு, "எந்தப் பயடா அது? இப்பச் சொல்லிரு!" என்று தெருவுக்கும் வாசலுக்கும் குதித்தான். சீனியம்மாள் அதற்கு மேல். "நாசமாப் போறவனே! எம்புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியேடா! ஒரு வாரமாத் தொண்டை கிழியச் சொன்னேனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். வீடு வீடாகத் தேடினார்கள். வைக்கோல் படப்பைப் பிரித்தார்கள். கவிழ்த்த பஞ்சாரத்தையெல்லாம் தூக்கியதில் அத்தனை கோழியும் வெளியே வந்து, அது வேறு கூத்து.

சொக்கையா கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் உங்களுக்காகப் பேசலாம்னு இருந்தேனேம்மா" என்று வருத்தமாகச் சொன்னார்.

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே, அவருக்குத் தண்ணி மோந்து தருவதற்காக உள்ளே திரும்பிய சீனியம்மாளின் கண்ணில் குதிரைவாலி தானியம் போட்டுவைக்கிற மண் குலுக்கை பட்டது. மூடி கோணலாக இருந்தது. அவளுக்குச் சுரீரென்றது. அடி ஆத்தி!

இந்த இடத்தில் ஓடைக்கல்பட்டியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊருக்கு விருந்தாளி யார் வந்தாலும் கை நனைக்காமல் போகக் கூடாது. வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? வேலை இருக்கிறது, வெயில் ஏறுகிறது என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் விருந்தாளி வாசல் தாண்டி உள்ளே வந்ததும் வீட்டுக்காரி செய்கிற முதல் வேலை, சத்தம் காட்டாமல் அவர் செருப்பை எடுத்து ஒளித்துவைப்பது. இரண்டாவது வேலைதான் அடுப்பு மூட்டுவது. சாப்பிட்டு முடித்து ஏப்பம் வந்த பிறகு செருப்பு தானாக வாசலுக்கு வந்துவிடும். ஊர் மருமகள்கள் வந்த அன்றைக்கே கற்றுக்கொள்கிற வித்தை அது. சீனியம்மாள் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகச் செய்துவருகிறாள். மோர்ச் செம்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய கை, மனசைக் கேட்காமல், தன் பாட்டுக்கு அந்த வேலையையும் பார்த்துவிட்டிருந்தது.

ஒரு வாரமாக ஊரையெல்லாம் கட்டிப்போட்டவள் தன் கையைக் கட்ட மறந்துவிட்டாள்.

பேயாண்டியைச் சமையல்கட்டுக்குள் இழுத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, "பின்வாசல் வழியாக் கொண்டுபோயி ஓடையில போட்டுருவோம். நாயி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிருவோம்" என்று கிசுகிசுத்தான்.

"நாயிமேல எதுக்குப் பழி? அதுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது. நமக்குத் தெரியும்ல?"

அவள் வெளியே வந்தாள். இடுப்பில் முந்தானையைச் சொருகினாள். மகளின் முகம் ஒருதரம் வந்துபோனது.

"சாமி, ஊர்ல யாரும் எடுக்கலை. நாந்தான் எடுத்தேன்."

சொக்கையாவுக்குப் புரியவில்லை. "நீயா? எங்கே?"

"குலுக்கைக்குள்ள இருக்கு. ஆனா நீங்க சாப்பிட்டாத்தான் தருவேன்."

"என்னம்மா இது அக்கிரமம்! செருப்பைத் திருடிட்டு, சாப்பிட்டாத்தான் தருவேன்னா?"

"திருடுனவ சோறு போடுவாளா சாமி?"

சொக்கையா சுற்றிலும் பார்த்தார். சற்றுமுன் வரை பேயறைந்த மாதிரி நின்ற ஊர், விஷயம் விளங்கியதும் ஒரேயடியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. காளை கம்பைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அக்கா, நீயா! அடியாத்தி, நீயா!" என்று அவனுக்கு மூச்சு முட்டியது. எதிர்வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஆள் சொன்னார்கள்: "ஆமா சாமி, சாப்பிடாமத் தரமாட்டோம். போன மாசம் வந்த தாசில்தார் சேவகன் செருப்புகூட எங்க வீட்டு அடுப்படியிலதான் இருந்துச்சு." "எங்க மாமனாரு இதுக்குன்னே வெறுங்காலோட வருவாரு!"

வெறுங்காலோடு போகலாம் என்று சொக்கையா ஒரு எட்டு வைத்துப் பார்த்தார். பங்குனி நெருங்குகிற வெயில். மண் கொதித்தது. குதித்துக்கொண்டே திரும்பி நிழலுக்கு வந்தார்.

"சாப்பிட்டுத்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

கோழி அடித்து, அம்மியில் மிளகு வைத்து அரைத்து, குதிரைவாலிச் சோறு ஆக்கி இலை போட நேரமானது. அதுவரை அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். முதல் உருண்டை வாய்க்குப் போனதும் முகம் கொஞ்சம் இளகியது. மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது அவரே குழம்புச் சட்டியை இலைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா இந்த ரோட்டுல வாரேன்" என்றார், எலும்பைக் கடித்தபடி. "இந்தப் பக்கம் பச்சைத்தண்ணி குடிச்சதில்லை. வீட்டுலேருந்து கட்டிக்கிட்டு வந்து பஸ்ஸுக்குள்ளேயே சாப்பிடுவேன். எங்க வீட்டுக்காரி பொட்டலத்துல சாமி விபூதியும் வச்சுக் கட்டுவா."

"விபூதி நல்லா இருந்துச்சா சாமி?" என்று கேட்டான் காளை.

கை கழுவி ஏப்பம் விட்டதும் செருப்பு வாசலில் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த குதிரைவாலியைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டார். கிளம்பும்போது நெற்றியைச் சொறிந்தார்.

"முதலாளி கேப்பாரேம்மா. சாமான் திருட்டுப் போச்சுன்னு சொன்னாலும் பொய். போகலைன்னு சொன்னாலும் பொய். நான் என்னத்தைச் சொல்ல?"

நிறுத்துவதாகச் சொன்ன வாக்கை மறுபடி சொல்லாமலேயே அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பஸ் நிற்கவில்லை. அடுத்த வெள்ளியும் நிற்கவில்லை. சீனியம்மாள் தினமும் ரோட்டோரம் போய் நிற்பாள். பஸ் புழுதியை வாரி அவள் முகத்தில் போட்டுவிட்டுப் போகும். ஊரில் யாராவது செருப்புப் பேச்சை எடுத்துச் சிரித்தால் அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து தன் வலது கையை இடது கையால் அடிப்பாள். "ஒன்னால கெட்டேன், ஒன்னால கெட்டேன்" என்று அடிப்பாள். பேயாண்டி அதைப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவான். எட்டாம் மாதமும் பாதி போய்விட்டது.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். காளை மூச்சிரைக்க ஓடிவந்தான். "அக்கா! கார் நின்னுருச்சு! கெட்டுப்போயி நிக்கலை, அவனாத்தான் நிறுத்துனான்! கண்டக்டரு எறங்கி நம்ம ஊர்ப் பேரு போட்ட பலகைய மரத்துல அடிச்சுக்கிட்டு இருக்கான்!"

முதலாளியிடம் சொக்கையா என்ன சொன்னார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கண்டக்டர் ஆணி அடித்துக்கொண்டே, "கோழிக் குழம்பு வைக்கிற வீடு எதும்மா?" என்று கேட்டாராம்.

சேதி வண்டியூருக்கு அன்றைக்கே போனது. சுந்தரம்மாள் வாக்கு மாறுகிறவள் இல்லை. அதுவும் அந்த மண்ணின் குணம்தானே, எங்கே போய்விடும்? திங்கட்கிழமை மருமகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பினாள்.

திங்கட்கிழமை ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் கையைக் கட்டவில்லை. பஸ் நின்றது. முதலில் சுந்தரம்மாள் இறங்கினாள், முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு. அவள் பின்னால் ஜெயக்கொடி, முன் தள்ளிய வயிறும், கையில் பூட்டுப் போட்ட தகரப்பெட்டியுமாக. சீனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருவதற்குள், பின்பக்கமாக வந்த காளை, தாய்மாமன் முறைக்கு, பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"ஐயோ! திருடன்! திருடன்!"

கத்தியது சுந்தரம்மாள் இல்லை. ஜெயக்கொடி.

பஸ்ஸிலிருந்த தலையெல்லாம் சன்னலுக்கு வெளியே வந்தன. கண்டக்டர் ஊதப்போன விசிலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். சின்ன வயசில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவெல்லாம் காட்டிய மாமன், பெட்டியும் கையுமாக நிற்கிறான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சண்டைக்காரக் காளைக்குக் கோபம் வரவில்லை. முகம் ஒருதரம் கறுத்தது, அவ்வளவுதான். பிறகு பஸ்ஸைப் பார்த்து உரக்கச் சொன்னான்:

"ஆமாய்யா, திருடந்தான்! ஆனா இவ வீட்டுக்காரன் எங்க வீட்டுப் புள்ளையவே தூக்கிட்டுப் போயிட்டான். நான் பொட்டியத்தான் எடுத்திருக்கேன். யாரு பெரிய திருடன்னு நீங்களே சொல்லுங்க!"

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பிப் போனது. ஊரும் சிரித்துக்கொண்டே கலைந்தது. சீனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலை வியாபாரிக்குப் பதில் இருந்தது, ஏஜெண்டுக்குப் பதில் இருந்தது, சம்பந்திக்கும் இருந்தது. தன் வயிற்றில் பிறந்தவளுக்கு என்ன பதில் சொல்வாள்? எல்லாருக்கும் முன்னால் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெயக்கொடி அழ ஆரம்பித்தாள்.

"எப்படி அந்த வார்த்தை வந்துச்சுன்னே தெரியலை ஆத்தா. அங்க எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி... கார்லயும் வழி நெடுக அதையே சொல்லிக்கிட்டு வந்தாக. எனக்கே பயம் ஒட்டிக்கிருச்சு."

சுந்தரம்மாள் மூலையில் உட்கார்ந்து, இல்லாத தூசியை முழங்காலிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"பொட்டியில அப்படி என்னதாண்டி வச்சிருக்க?" என்று கேட்டாள் சீனியம்மாள். "நகையா?"

ஜெயக்கொடி முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துத் திறந்தாள். உள்ளே பழைய சேலைத்துணி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதைத் துண்டு துண்டாகக் கிழித்து மடித்து அடுக்கியிருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு இடுப்பில் கட்ட. வேறு ஒன்றுமே இல்லை.

"இந்தப் பீத்துணிக்கா பூட்டு?"

"அத்தைதான் பூட்டச் சொன்னாக."

சுந்தரம்மாளுக்கு முதலில் ஒரு செருமல் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. முந்தானையால் வாயை அடைத்தும் அடங்கவில்லை. "ஆமா மதினி, நாந்தான் சொன்னேன்! புத்தி போன போக்கப் பாருங்க!" என்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். சீனியம்மாளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு சம்பந்திகளும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஜெயக்கொடி சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து வாசலுக்குப் போனாள். வேப்பமரத்தடியில் காளை தனியாக உட்கார்ந்து மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸைச் சிரிக்க வைத்தவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அவள் அவன் முன்னால் நின்று, "மாமா" என்று கூப்பிட்டு, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

காளை மடக்கிய கையைப் பார்த்தான். அந்தக் கையின் ரேகை ஸ்டேஷனில் இருந்தது. ஒரு சாவியை நம்பி அவனிடம் யாரும் கொடுத்ததில்லை.

"எனக்கெதுக்குத்தா சாவி?" என்றான். "போ, உள்ள போயிப் படு. வெயில்ல நிக்காத."